ஷட்டருக்கு உள்ளே

ஊரைப் பூட்டினால் நோய் குறையுமா, குறையாதா? இந்த ஒரு கேள்விக்காக நானும் என் அத்தானும் போட்ட சண்டையை எழுதி வைத்தால் எங்கள் ஆரியசாலைக் கடைத்தெரு நீளத்துக்கு வரும். இப்போது யாராவது அதை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம்கூட ஆபீசில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி ஆரம்பித்தாள். "லாக்டவுண் ஒக்கெ வெறுதே ஆயிருந்நு" என்றாள். எல்லாமே வீணாம். எதிரே இருந்தவள் "இல்லையில்லை, அதனால்தான் நாமெல்லாம் தப்பித்தோம்" என்று பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே பேசினார்கள். நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் எல்லை தாண்டி, மலையாளம் பேசுகிற இந்த ஊருக்கு வந்தவர். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. கீழே அவர்கள் இரண்டு பேர், மாடியில் நான் ஒருத்தி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, எனக்குக் கல்யாணமே இல்லை. நான் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஆகவே சர்க்கார் போடுகிற உத்தரவுக்கெல்லாம் வீட்டில் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அத்தானின் எண்ணம்.

சண்டைக்குக் காரணம் அக்காதான். அவளுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருந்தது. மாற்றி வைத்ததை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கியே வைத்திருக்கும். "உங்களுக்கு ஜலதோஷம் பிடித்தாலே எனக்குப் பயம். இது வந்தால் என்னால் எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தானுக்கும் எனக்கும் ஒரே கவலை, அவளுக்கு அது வரக் கூடாது. எப்படி வராமல் பார்த்துக்கொள்வது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

சாயங்காலம் டி.வி.யில் அன்றைய நோய்க் கணக்கு வந்ததும் ஆரம்பிக்கும். நான் மாடிப்படியில், அவர் முற்றத்து நாற்காலியில், அக்கா ஜன்னலுக்கு உள்ளே.

"எம்மா, ஒன் சர்க்காருக்கு மண்டையில வல்லதும் இருக்கா? நாள் முழுக்க வரவேண்டிய கூட்டத்த மத்தியானத்துக்குள்ள திணிக்கானுவ. ஞாயித்துக்கிழம அடைப்புன்னா சனிக்கிழம சாலையில கால் வைக்க எடமில்ல. நாள் முழுக்கத் தொறந்து போடு, ஒருத்தன ஒருத்தன் இடிக்காம வாங்கிட்டுப் போவான்."

"அப்ப சனிக்கிழமையும் அடைக்கணும் அத்தான்."

"வெள்ளிக்கிழம கூட்டம் வருமே."

"வெள்ளியும் அடைக்கட்டும். ஒரேயடியா அடைச்சு, ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியில முழிக்காம இருந்தா அது தானா அத்துப் போவும்."

"எந்நாளும் அடச்சே கெடக்குமா? ஒரு நாள் தொறப்பேல்லா? தொறந்த அன்னிக்குப் பழவங்காடி கோயில் வரைக்கும் வரிசை நிக்கும், பாத்துக்கோ."

நான் செல்போனில் படித்ததையெல்லாம் எடுத்து விடுவேன். அந்த நாட்டில் அடைத்தார்கள், குறைந்தது. இந்த நாட்டில் சும்மா விட்டார்கள், கொத்துக்கொத்தாகப் போனார்கள். "அங்க ஆளே கம்மி எம்மா, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பஸ்ஸு பிடிச்சுப் போணும்" என்பார் அவர். கணக்கு இறங்கினால் நான், "பார்த்தீங்களா, அடைச்சதுனால" என்பேன். "சனம் அதுக்கு முன்னாலயே பயந்து உள்ள போயிட்டு. ஒன் உத்தரவு பொறவுதான் வந்துது" என்பார். ஏறினால் "அடைச்சும் ஏறுதே" என்று அவர் குதிப்பார். "நீங்க ஒழுங்கா அடைக்கல" என்று நான் குதிப்பேன். எந்த எண் வந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் அது பொருந்தியது, அதுதான் எரிச்சல்.

அக்கா ஒரு நாள் பொறுமை இழந்தாள். "ஏட்டி, என்னப் பத்தித்தான பேசுதீங்க? ரெண்டு பேரும் டி.வி. மூஞ்சியப் பாத்துப் பேசினா எப்படி? ஒங்க சண்டையில ஒருத்தர் செயிச்சா நான் வாசலுக்கு வரலாமா?" என்று கேட்டாள். "சவத்த விடு, நாளைக்குப் பாப்போம்" என்று அத்தான் டி.வி.யை நிறுத்தினார்.

சண்டை எப்படிப் போனாலும் வீட்டுக்குள் அவர் வைத்திருந்த கட்டுப்பாட்டுக்குப் பக்கத்தில் எந்தச் சர்க்காரும் வர முடியாது. கடை விட்டு வந்தால் நேரே பின்கட்டுக் குளியலறை. துணியை அவரே சோப்புத் தண்ணீரில் முக்கி வைப்பார். சாப்பாடு முற்றத்தில், படுக்கை முன்னறையில். அக்காவின் அறை வாசலைத் தாண்ட மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பிரிந்து படுக்காத மனுஷர், கதவு நிலைக்கு வெளியே நின்று "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்துக் கொட்டி, வாரி, நிறுத்துக் கொடுக்கிற கடையில் நெடி இல்லாமல் இருக்காது. எங்கள் தெருவில் மிளகாய்க்காரர்கள் எல்லோருமே சாயங்காலமானால் இருமுவார்கள். அத்தான் சந்து முனையில் இருமுகிற சத்தம் கேட்டால் அக்கா அடுப்பைப் பற்ற வைப்பாள். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் ஒரு தம்ளர். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுப்பாள். கொஞ்சத்தில் அடங்கிவிடும். ஊரெல்லாம் யாராவது இருமினால் பத்தடி தள்ளி ஓடுகிற காலத்தில், எங்கள் வீட்டில் இருமல் என்றால் கடை அடைத்தாயிற்று என்றுதான் அர்த்தம். நோய்க் காலம் வந்ததும் தம்ளரைப் படியில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். அது ஒன்றுதான் மாறியது.

பிறகு எங்கள் பகுதியைக் கண்டெய்ன்மெண்ட் சோன் என்று சொல்லிச் சந்து வாயில் மூங்கில் கட்டினார்கள். சாமான் கடைகளுக்கு மட்டும் காலையில் கொஞ்ச நேரம் அனுமதி, அப்புறம் ஈ, காக்காய் நடமாடக் கூடாது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இப்போதாவது புத்தி வந்ததே என்றேன். அத்தான் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் நடந்ததை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மலைப்பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் பஸ் இல்லாமல் ஜீப்பைச் சேர்ந்து பிடித்து, செக்போஸ்ட் செக்போஸ்டாகச் சத்தியவாங்மூலம் என்கிற உறுதிமொழிச் சீட்டை நீட்டி, வந்து சேரும்போதே நேரம் முடிகிற தறுவாயில் இருக்கும். போலீஸ் ஜீப் தெருவில் திரும்பி, "அடைக்கெடோ, அடைக்கு!" என்று சத்தம் போடும். ஆரியசாலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பந்த், ஹர்த்தால் என்று எது வந்தாலும் வந்த வியாபாரியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ஆளை உள்ளே கூப்பிட்டு ஷட்டரை இழுத்து விடுவார்கள். உள்ளே நிறுத்துக் கட்டி, தெரு அடங்கியதும் பாதி தூக்கி, குனிந்து போகச் சொல்வார்கள். கல்லெறிக்கும் போலீசுக்கும் பழகிய வழி அது. எத்தனையோ ஹர்த்தாலில் அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதியும் வந்ததில்லை. அதையேதான் இப்போதும் செய்தார்கள். ஜன்னல் இல்லாத கடை, மூட்டைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர், மிளகாய் நெடி. ஒருவன் இருமினால் எல்லோருக்கும் தொண்டை பிடுங்கும். மூச்சு முட்டி மாஸ்க்கை இறக்கி விட்டுக்கொள்வார்கள். இருமுகிறவனைப் பார்த்து அங்கே யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த நாட்களில் அத்தானின் இருமல் கூடியது. சந்து முனையிலேயே நின்று மதிலைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"என்ன அத்தான், பலமா இருக்கு?" என்று மாடியிலிருந்து கேட்டேன்.

"ஒன் சர்க்கார் புண்ணியம். ஷட்டருக்குள்ள நெடி எங்க போவும்? எனக்குள்ளதான் போவும்" என்றார்.

நல்ல காரணமாகத்தான் இருந்தது. நான் உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டேன். காய்ச்சல் இல்லை அவருக்கு, வாசனை தெரிந்தது, சாப்பிட்டார். மிளகாய் இருமல்.

மறுநாள் சாயங்காலம் இருமல் நிற்கவே இல்லை. படியில் வைத்த தம்ளரை எடுக்கக்கூட முடியாமல் முற்றத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் படியில் வந்து நின்றபோது அக்கா அறையை விட்டு வெளியே வந்திருந்தாள். "போ, உள்ள போ" என்று அவர் கையை ஆட்டினார். "சும்மா கெடங்க. மொளகா நெடிதான" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, தம்ளரை அவர் வாயில் வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளைப் போ என்று சொல்ல நானும் வாயைத் திறந்தேன். ஆனால் எத்தனை மாதத்துக்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவள் தோளில் சாய்ந்தார். நான் பேசாமல் படியேறிவிட்டேன்.

முதலில் காய்ச்சல் வந்தது அக்காவுக்குத்தான். அப்புறம்தான் அத்தானையும் பரிசோதித்தார்கள்; இரண்டு பேருக்கும் இருந்தது. அவரை வீட்டிலேயே அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். அவளுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால் வரை மூடிய ஆள் ஒருத்தன் மூங்கிலை அவிழ்த்தான். அவள் நடந்தே போனாள். ஏறும் முன் திரும்பி, "ஏட்டி, அவுகள ஒண்ணும் சொல்லாத" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச மூச்சு இருக்கவில்லை.

செய்தி வந்தபோது அத்தான் பூட்டிய அறையில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று நான்தான் சொன்னேன். உள்ளே இருமினார். மின்மயானத்துக்கு அவர் போக முடியாது, நானும் போகக் கூடாது. வாய்க்கரிசி இல்லை, குளிப்பாட்டல் இல்லை, கட்டியழ ஒரு பெண் இல்லை. ஜிப் போட்ட பையில் என் அக்காவைக் கொண்டுபோய் யாரோ எரித்தார்கள். கடவுளை அன்றைக்கு நான் திட்டியதை எழுத முடியாது.

மூங்கில்களை எடுத்தார்கள். கடைகள் நாள் முழுக்கத் திறந்தன. நாங்கள் டி.வி.யையே போடவில்லை. சமைத்து நான் கீழே கொண்டு வைப்பேன், அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். கடைக்குப் போவார், வருவார். அக்கா சொன்னபடி நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாடிக்கு ஏறி வந்தார். அந்த வீட்டில் குடியிருந்த அத்தனை வருஷத்தில் அவர் மாடிக்கு வந்தது குறைவு. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"நீ சொன்னதுதான் சரி எம்மா" என்றார். "ஒரேயடியா அடச்சிருக்கணும். அந்தக் காலையில கொஞ்ச நேரம்னு விட்டதே தப்பு. மொத்தமா அடச்சிருந்தா நான் கடைக்கே போயிருக்க மாட்டேன்."

எத்தனை சாயங்காலம் இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்!

"இல்ல அத்தான், நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "நாள் முழுக்கத் தொறந்து வச்சிருந்தா அந்த மலைக்காரங்க நிதானமா வந்திருப்பாங்க. கூட்டமே இருந்திருக்காது. ஷட்டரை இழுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. நேரத்தைச் சுருக்கினவன்தான் குத்தவாளி."

"அந்த நாட்டுல அடச்சுல்லா கொறச்சானுவ?"

"அங்க ஆளே கம்மி அத்தான்."

அவர் விடவில்லை. நான் சொன்ன நாடுகளின் பெயர், காட்டிய கணக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்து என் மேலேயே வீசினார். அத்தனையும் காதில் வாங்கி வைத்திருக்கிறார் மனுஷர்! நானும் விடவில்லை. அவர் முற்றத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சையெல்லாம் அவருக்கே திருப்பிப் பேசினேன். குரல் ஏறியது, இரண்டு பேருக்கும் வேர்த்தது. அவரை எப்படியாவது தோற்கடித்துவிட வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு இருந்த வெறி முன்னே ஒரு நாளும் இருந்ததில்லை.

திடீரென்று அவர் நிறுத்தினார்.

"செரி. நீ இப்பச் சொன்னதுதான் சரின்னு வை. அப்போ நான் ஷட்டர இழுத்திருக்கக் கூடாது. நான் இப்பச் சொன்னதுதான் சரின்னு வை. அப்போ நான் கடையத் தொறந்தே இருக்கக் கூடாது. எப்படிப் பாத்தாலும் நான்தான எம்மா குத்தவாளியா வாரேன்?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நான் வராத மாதிரி ஒரு கட்சி இருந்தாச் சொல்லு. நீ படிச்சவ."

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். கடைசியில், அன்றைக்கு அக்காவைப் போ என்று சொல்லாமல் நான் படியேறிப் போனதில் வந்து நின்றது.

"இருக்கு அத்தான்" என்றேன்.

"சொல்லு" என்று அவர் உட்கார்ந்திருந்தார்.