கலெக்டரிடம் போன மேல்முறையீடு

சேவுகம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்கு ஒரே ஒரு வண்டிப்பாதைதான். அது பெரியப்பாவின் நிலத்தை ஒட்டிப் போகும். அவர் அப்பாவோடு பிறந்தவர் இல்லை, பங்காளி, முறைக்குப் பெரியப்பா. ஒரு நாள் அவர் பாதையை உழுது, குறுக்கே கம்பி வேலியும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா பூ மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரப்பைச் சுற்றி ரோட்டுக்கு வந்தார். அவருக்கு ரெண்டு முழங்காலும் தேய்ந்திருந்தது. வழுக்கி ஒரு தடவை விழுந்தும் விட்டார். பாதை இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் சொன்னார்கள்.

நிலம் என் பெயரில் இருந்தது, உழைப்பு அப்பாவுடையது. அதனால் தாலுகா முன்சீப் கோர்ட்டில் நான்தான் வாதி. மூன்று வருஷம் வாய்தா வாய்தாவாக நடந்து, பாதை இருந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. வராண்டாவிலேயே எங்கள் வக்கீல் சொன்னார்: "தீர்ப்பு நகலுக்கு இன்னைக்கே மனுப் போடுங்கம்மா. முப்பது நாளைக்குள்ள திண்டுக்கல் சப் கோர்ட்ல அப்பீல் போடணும்."

எனக்கு அந்த ஆள் மேல் ஏற்கெனவே எரிச்சல். மூன்று வருஷம் இழுத்தவர் இன்னும் இழுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தவிர, எனக்கு வேறு ஒரு வழி தெரியும் என்ற திமிரும் இருந்தது. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மனுவால்தான். பக்கத்து வீட்டு அக்காவின் விதவை உதவித்தொகையும் அப்படித்தான் கிடைத்தது. பன்னிரண்டாவது படித்தவள், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். 'மனு எழுதுற புள்ள' என்று ஊரில் ஒரு பெயர் வேறு.

"வக்கீல் சொல்றதக் கேப்பமே ஆத்தா" என்றார் அப்பா.

"ஜில்லாவுக்கே பெரியவரு கலெக்டரு. அவரு ஒரு வார்த்தை சொன்னா முன்சீப் கேக்க மாட்டாரா? நீங்க சும்மா இருங்கப்பா" என்றேன் நான்.

அப்பா சும்மா இருந்தார். நான் நாலு பக்கம் மனு எழுதி, திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுத்து, நம்பர் போட்ட சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்தேன். மனு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும், அங்கிருந்து தாசில்தாருக்கும் இறங்கி வந்தது. ஒவ்வொரு தடவையும் தபாலில் தகவல் வரும்போது வேலை நடக்கிறது என்று பூரித்துப்போவேன். கடைசியில் வந்த பதில் மூன்றே வரி. இது உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரச்சினை, இதில் வருவாய்த் துறை தலையிட முடியாது, மனுதாரர் மேல்முறையீடு செய்து பரிகாரம் தேடிக்கொள்ளலாம். அதைக் கையில் வாங்கியபோது தீர்ப்பாகி எண்பது நாள் தாண்டியிருந்தது.

வக்கீல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெள்ளைத் தாளில் ஏணி மாதிரி கோடு போட்டுக் காட்டினார். கீழே முன்சீப், அதற்கு மேல் சப் கோர்ட், அதற்கு மேல் ஜில்லா கோர்ட், பிறகு ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, உச்சியில் டெல்லி. நம் வழக்கின் மதிப்புக்கு சப் கோர்ட். அங்கே தோற்றால் மதுரை, அதுவும் சட்டப் பிரச்சினை ஏதாவது இருந்தால்தான். சென்னையில் போட்ட சட்டமோ டெல்லியில் போட்ட சட்டமோ, ரெண்டும் இதே ஏணியில்தான் ஏறும். கலெக்டர் எங்கே என்று கேட்டேன். தாளுக்கு வெளியே, மேஜைமேல் பேனாவால் தட்டிக் காட்டினார்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஏணி, மத்திய அரசுக்குத் தனியாக ஒரு ஏணி, எது எங்கே போகும் என்று தெரிந்துகொள்வதற்கே வக்கீல் வேண்டும் என்றாள். நல்லவேளை நான் அங்கே பிறக்கவில்லை. ரெண்டு ஏணியையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் போயிருப்பேன்.

இனி ஒரே வழி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி சப் கோர்ட்டில் மனுப் போடுவது. தாமதம் ஏன் என்று நான் எழுத்தில் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். வக்கீலின் குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டுவந்ததைப் படித்துப் பார்த்தேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்து, நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தேனாம்.

"எனக்கு எப்பண்ணே காமாலை வந்துச்சு?"

"எல்லாருக்கும் இதாம்மா போடுறது. நாட்டு வைத்தியம்னா சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க."

திண்டுக்கல் ஜில்லாவில் அப்பீல் போடத் தவறிய அத்தனை பேருக்கும் காமாலைதான் போலிருக்கிறது. நான் முடியாது என்றுவிட்டேன். பெரிய அரிச்சந்திரன் பரம்பரை என்று நினைக்க வேண்டாம். அந்த எண்பது நாளும் பெரியப்பா வீட்டு வாசல் வழியாகத்தான் பூ மூட்டையோடு பஸ்ஸுக்குப் போனேன். அவர் சிரிப்பாரே என்ற ரோஷம். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். "மன்னிக்கலைன்னா உங்க பாடு" என்றார் வக்கீல். அந்த மனு தள்ளுபடியானால் அத்தோடு பாதை போச்சு.

விசாரணை அன்று அப்பாவும் கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். நீதிபதி ஒரு அம்மா. பிரமாணத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, எதிர்த்தரப்பு வக்கீல் வாதத்தை நிறுத்தச் சொல்லி என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டாவது படிச்சிருக்கீங்க. கோர்ட் தீர்ப்பைக் கலெக்டர் மாத்துவார்னு யாரும்மா சொன்னது?"

யாருமே சொல்லவில்லை. என் திமிர்தான் சொன்னது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஹால் முழுக்கக் கறுப்புக் கோட்டு, எதிரே பெரியப்பா. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"நாந்தேன் தாயி சொன்னேன்." பின்னாலிருந்து அப்பாவின் குரல். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். "புள்ள வக்கீல் சொன்னபடி போவோம்னுதேன் சொல்லுச்சு. எனக்குப் படிப்பு வாசனை கெடையாது. கலெக்டரப் பாத்தாப் போதும்னு நாந்தேன் அடம் பிடிச்சேன்."

டவாலி ஓடிப்போய் அவரை அடக்கினார். அவர் கட்சிக்காரர் இல்லை, அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "எடுக்கல, உக்காருங்க" என்றார் நீதிபதி. கொஞ்ச நேரம் எழுதிவிட்டு, தாமதம் மன்னிக்கப்படுகிறது, அப்பீலுக்கு நம்பர் கொடுக்கவும் என்றார்.

ஒன்றரை வருஷத்தில் அப்பீல் ஜெயித்தது. பெரியப்பா மதுரைக்குப் போனார். சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை என்று அங்கே ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார்கள். வேலியைப் பிடுங்கியாயிற்று. அப்பா இப்போது மொபெட்டில் தோட்டம் வரைக்கும் போய் வருகிறார்.

காமாலைப் பொய் வேண்டாம் என்று அவ்வளவு வீறாப்பாகச் சொன்னவள், அன்றைக்கு எழுந்து "இல்லீங்கம்மா, நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நீதிபதி எழுதி முடிக்கும்வரை தலை குனிந்து நின்றேன். எனக்கு அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வெளியே வராண்டாவில் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே பயந்த குரலில் கேட்டார்: "ஏத்தா, ஊடால பேசிக் கேசைக் கெடுத்துப்புட்டேனா?"

"இல்லப்பா" என்றேன். அதற்கு மேல் இன்றுவரை அவரிடம் எதுவும் சொல்லவில்லை.