பத்துப் புழுக்களிடம் கேட்ட பாய்

பட்டுப்புழுக்களுக்கு மல்பெரி இலை போட்டுக்கொண்டிருந்தபோது, தருமபுரி பஷீர் பாய் தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. கை நின்றுவிட்டது. புழுக்கள் பசி பொறுக்காதே என்று மறுபடி போட்டேன். இடித்த கட்டடங்களின் பழைய சாமான்களை வாங்கி விற்றவர் அவர். இந்தப் புழுக்கொட்டகை இன்று நிற்பது அவரால்தான்.

எழுபதுகளின் தொடக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தகரக் கொட்டகையில் முதல் தடவை வளர்த்த புழுக்கள் அத்தனையும் சித்திரை வெயிலில் செத்துப்போயின. இன்னொரு முறை செத்தால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு ராகி விதைப்பேன் என்றார் என் கணவர். சொன்னால் செய்கிற மனிதர்.

அந்தச் சமயம் தருமபுரியில் ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரியை இடித்தார்கள். குளிர் வெளியே போகாமலிருக்கச் சுவருக்குள் தக்கைப் பலகைகள் பதித்திருந்தார்கள். தார் பூசியது நன்றாக எரியுமென்று ஆளாளுக்கு அவற்றை வெந்நீர் அடுப்புக்கு அள்ளினார்கள். பாய் மட்டும் ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். கூரைத் தகரத்துக்கு அடியில் ஒரு பலகையைக் கட்டினார்.

"கை வெச்சுப் பாரு தங்கச்சி. குளிர வெளிய வுடாதது வெயில உள்ள வுடுமா?"

உச்சி வெயில். தகரம் சுட்டது, பலகைக்கு அடியில் சூடே தெரியவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாளில் கூரை முழுக்க அடித்து முடித்தார். அடுத்த தடவைக்கு வாங்கியிருந்த புழுக்களை உடனே உள்ளே கொண்டுபோக நான் பறந்தேன். பாய் முகர்ந்து பார்த்தார். தார் வாடை.

"மொதல்ல பத்துப் புழுவ வுட்டுப் பாக்கலாம். நாம பொய் சொல்லுவோம், புழு சொல்லாது."

பத்தும் இலையைத் தொடவில்லை. "எல்லாத்தயும் எடுத்துட்டுப் போயிருங்க பாய்" என்று கத்திவிட்டேன். அவர் ஏணியில் ஏறினார். அத்தனை பலகைகளையும் இறக்கி, வாச்சியால் தாரைச் செதுக்கி, செம்மண் பூசிக் காயவைத்து மறுபடி ஏற்றினார். அடுத்த பத்துப் புழுக்கள் காம்பை மட்டும் விட்டுவைத்தன. பாய் ஒவ்வொரு காம்பாக எடுத்துக் காட்டிச் சிரித்தார். அன்று புழுத்தட்டுகளை உள்ளே தூக்கி வந்தவர் என் கணவர். மீந்த பலகைகளை எங்கள் படுக்கையறைக்குக் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் அவற்றையும் தார் செதுக்கி அடித்துக் கொடுத்தார்.

துக்கத்துக்குப் போனபோது பாய் வீட்டுக்குள் வெக்கை தாங்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். வெறும் தகரம்.

"மிச்சமானா நம்ம வூட்டுக்குன்னாருங்க" என்றார் அவர் மனைவி. "எங்க மிச்சமாச்சு?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பாயை அறிந்த உங்களுக்கெல்லாம் சொல்கிறேன்: எதையும் முதலில் பத்துப் புழுக்களிடம் கேட்கும் பழக்கத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். படுக்கையறைப் பலகைகள் நாளை அவர் வீட்டுக்குப் போகின்றன. ஒன்றைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். தார் வாடை துளியும் இல்லை.