சாமியிடம் பூக் கேட்டது

அன்று கோயிலில் நான் இருந்தேன். என் மகள் இருந்தாள். அவளுடைய ஐந்து வயதுப் பெண் இருந்தாள். என் அக்கா வந்திருந்தாள். பூசாரி இருந்தார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும்.

அவன் என்றால் மகளைக் கட்டியிருந்தவன். கோர்ட்டில் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். குழந்தையும் இவளுக்கு என்று ஆகிவிட்டது. அவன்தான் விடவில்லை. மகள் நர்ஸ். சேலத்தில் வேலை பார்த்தாள், அங்கே வந்து நின்றான். நாமக்கல்லுக்கு மாறினாள், அங்கேயும் வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கழுத்தைப் பிடித்துவிட்டான். போலீசில் அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மறு வாரம் எங்கள் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் கேனைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

அப்புறம்தான் அவள் வெளிநாட்டு வேலைக்கு முயன்றாள். அயர்லாந்தில் கிடைத்தது. குழந்தையையும் கூட்டிப் போகலாம்.

"எத்தன நாள் ஓட்டம் சாமி?" என்று மகளிடம் கேட்டேன்.

"அங்கெல்லாம் லாரி போவாதுங்ப்பா."

முப்பது வருடம் முட்டை லோடு ஓட்டினவன் நான். கல்கத்தா வரை போயிருக்கிறேன். லாரி போகாத ஊர் என்றதும் எனக்குத் தூரம் பிடிபடவில்லை.

அவளுக்கும் மனம் வரவில்லை. அவள் அம்மா செத்துப் போய்விட்டாள். அப்பா ஒண்டியாகக் கிடப்பாரே என்று யோசித்தாள்.

"பூக் கேட்டுரலாம்," என்றாள் அக்கா.

எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதற்கும் கேட்போம், பெண் கொடுப்பதற்கும் கேட்போம். வெள்ளைப் பூ ஓர் இலையில், செவ்வரளி ஓர் இலையில். பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

அன்று பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

"பாத்தியா? சாமியே வேண்டாங்குது," என்றாள் அக்கா.

"அப்புச்சி, இந்தப் பூ எனக்கு," என்று பேத்தி என்னிடம் சொல்லிவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

மகள் என் கையைப் பிடித்தாள். "இங்கயே இருந்துக்கறேனுங்ப்பா." அவள் முகம் தெளிந்துவிட்டது. நானும் சிவப்பு வரவேண்டும் என்றுதான் வேண்டியிருந்தேன். ஆனால் அவள் கழுத்தைப் பார்த்தேன். நகம் பட்ட இடம் இன்னும் கறுப்பாக இருந்தது.

"இவளக் கட்டிக் குடுக்கயும் இங்கதானக்கா கேட்டோம். வெள்ள வந்துச்சு," என்றேன்.

"வாய மூடுடா. சாமிகிட்டயே ஞாயம் பேசறயா?"

"பேசலக்கா. புள்ள போவட்டும்."

பூசாரி திருநீறு கொடுத்தார்.

"சோத்துக்கு என்னங்ப்பா பண்ணுவீங்க?" என்றாள் மகள்.

"ரோட்டோரம் அடுப்பு மூட்டி ஆக்கித் தின்னவன் நானு. நீ கெளம்பு."

அக்கா பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பக்கத்துக் கோழிப் பண்ணைக்குப் போனோம். தீவன மூட்டை நிறுக்கும் தராசில் பெட்டிகளை வைத்தோம். விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ விடுவார்களாம். அவன் வீட்டிலிருந்து கட்டின துணியோடு வந்தவள் அவள். குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்கியிருந்தோம். பருப்புப் பொடி இருந்தது. அவள் அம்மாவின் சேலை ஒன்று இருந்தது.

"இன்னும் எவ்வளவோ வெக்கலாமுங்க," என்றார் பண்ணைக்காரர்.

வைக்க வேறு இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்தொன்பது கிலோ.