உறுமிய ஆம்ப்ளிஃபையர்

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்புதான் படித்தேன்.

மட்டாஞ்சேரியில் எனக்குத் துப்புரவு வேலை. படுக்கையில் கிடக்கும் மனைவிக்குத் துணையாக ஆம்ப்ளிஃபையரில் பாட்டு போட்டுவிட்டுக் கிளம்புவேன். கடல் காற்றின் உப்பு ஏறாமலிருக்க அதன்மேல் துணியும் போர்த்துவேன். வாங்கியதிலிருந்து சர்வீஸ் செய்ததில்லை. சில நாளாக உறுமியது. பாடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நான் வேலைக்குப் போனபின் உறுமல் பொறுக்காமல் பக்கத்து வீட்டுச் சேச்சி சண்டைக்கு வந்திருக்கிறார். துணி புகைந்துகொண்டிருந்ததாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "பாட்டு கேட்டே சாகப் பாத்தியாடி?" என்று அழுதாராம்.

"தினமும் சண்டைக்கு வாங்க சேச்சி" என்றாளாம் இவள்.

மெக்கானிக் திறந்து பார்த்து, "உள்ளே முழுக்கத் தூசி. சூடு போக வழியில்லாம துணி வேற போட்டிருக்கீங்களே, சேட்டா" என்றார்.

இப்போது துணி போடுவதில்லை. வருடந்தோறும் மழைக்கு முன் சர்வீஸ் செய்கிறேன். இந்த வருட சர்வீஸ் முடிந்து பாட்டு ஓடுகிறது. இவள் பக்கத்தில் அமர்ந்து இதை எழுதிய நாள், சித்திரை முப்பது.