ஆற்று மேட்டில் கட்டாத வீடு

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டோம். ஆசையாகப் பேசுவதும் அப்படித்தான், சண்டை போடுவதும் அப்படித்தான். மலாய் நாட்டில், பாலோ என்ற ஊருக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்து அறை ஒன்றுக்கு இரண்டு குடும்பம். நடுவில் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்த ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் எங்களைவிட மூத்த ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனிதர்கள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் தங்கமாக இருந்தாலும் காது காதுதானே. நான் புரண்டு படுத்தால் அக்காவுக்குத் தெரியும். அண்ணன் இருமினால் எனக்குத் தூக்கம் கெடும்.

குசுகுசுப்பில் சண்டை போட்டவர்களுக்குத்தான் அதிலுள்ள கொடுமை தெரியும். கோபம் வயிற்றிலிருந்து கிளம்பி வந்து தொண்டையில் நின்றுவிடும். 'ஏன் இப்படிப் பண்ணினீங்க' என்பதை வெறும் மூச்சாக விட்டால் யார் மதிப்பார்கள்? ஒருமுறை பொறுக்கமாட்டாமல் அவர் கையை நறுக்கென்று கிள்ளிவிட்டேன். அவர் கத்த முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார். மறுநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் வழியில் அக்கா என் பக்கமாக வந்து, பாவம் அந்த மனுஷனை எதற்குக் கிள்ளினாய் என்று கேட்டார். கிள்ளியதுகூடக் கேட்டிருக்கிறது. எனக்கு மானமே போய்விட்டது.

தோட்டத்தில் அவரவருக்கு ஓர் ஆசை. சிலருக்குக் கப்பலேறி ஊர் போய்ச் சேர வேண்டும், சிலருக்குக் கழுத்தில் ஒரு சங்கிலி. எனக்கு வேண்டியது ஒரு கதவு. சாத்தினால் உள்ளே நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்படியான கதவு. அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள், வெட்கம் கெட்டவள் என்பார்கள். அதனால் சொல்லாமலே வைத்திருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், கணக்கெழுதும் கிராணி அந்தச் செய்தியைச் சொன்னார். எங்கள் லயம் சதுப்பை ஒட்டி இருப்பதால்தான் காய்ச்சல் ஓயவில்லை என்று கவர்மெண்டிலிருந்து சொல்லிவிட்டார்களாம். ஆற்று மேட்டில் புது லயம் கட்டத் துரை முடிவு செய்திருக்கிறாராம். குடும்பத்துக்கு ஓர் அறை. தனி அடுப்படி, தனிக் கதவு, ஜன்னல்கூட உண்டு. நான் பால் வெட்டும் என் உளியைக் கீழே போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என்னடி ஆச்சு என்றாள். ஒன்றுமில்லை, கை வழுக்கிவிட்டது என்றேன்.

ஆற்று மேடு என்பது பால்மரக் காட்டைத் தாண்டி நிலம் மெல்ல உயர்ந்து, பிறகு சட்டென்று செங்குத்தாக ஆற்றில் இறங்கும் இடம். மேலே கொஞ்சம்தான் சமதரை. காற்று ஓயாது. கீழே தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். அக்கரையில் மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்பார்கள். சாயங்காலம் அங்கே பள்ளிவாசலில் வாங்கு சொல்வது இங்கே தெளிவாகக் கேட்கும். எங்கள் சதுப்பில் கொசு பாடுவதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

நிலம் அளக்கிறவர் ஆளோடு வந்தார். முளை அடித்து, எந்தெந்த அறை எங்கே வருமென்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். குளுவாங் டவுனிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் பலகை வரும் என்றார்கள். எந்த அறை யாருக்கு என்பது துரை வைத்த சட்டம். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சனங்கள் சும்மா இருக்கவில்லை. மேட்டுக்குப் போய் ஆளுக்கோர் அறையைப் பிடித்துக்கொண்டு, இது உன்னது, அது என்னது என்று தகராறுகூடப் பண்ணினார்கள். நான் பிடித்தது கடைசி அறை, ஆற்றை ஒட்டியது. ஒரு பக்கம் ஆள் கிடையாது, ஆறுதான்.

ஒரு சாயங்காலம் வேலை முடித்துக் குளித்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் ஓடிப்போய் என் அறைக்குள் நின்றுகொண்டேன். அவர் பாட்டுக்குக் குறுக்கே கோட்டைத் தாண்டி வந்தார்.

"என்னாங்க, செவுத்துமேல ஏறி வர்றீங்க? வாச அந்தப் பக்கம் இருக்குல்ல!"

என் குரலைக் கேட்டு எனக்கே திக்கென்றது. அவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், சுற்றிக்கொண்டு, வாசல் விட்டிருந்த இடத்தில் குனிந்து வந்தார். இல்லாத வாசல் நிலை தலையில் இடித்துவிடும் என்று குனிந்தார் பாருங்கள், அதற்குத்தான் நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். என் புருஷன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

எவ்வளவு நல்ல குரல் அவருக்கு! ஆழமான குரல், அடியில் கொஞ்சம் கரகரப்பு. இத்தனை நாள் எனக்குக் கிடைத்ததெல்லாம் அதன் காற்று மட்டும்தான். அன்றைக்கு அவர் பேசினார் பேசினார், அப்படிப் பேசினார். அடுப்பை எங்கே போடலாம், பின்னால் முருங்கை நட்டால் வருமா, மாடு ஒன்று பிடித்துக் கட்டினால் துரை விடுவாரா. கப்பலில் வரும்போது கடலைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். அதை ஏன் இதுவரை சொல்லவில்லை என்றேன். "மெதுவா சொன்னா நல்லா இருக்காது புள்ள" என்றார். அப்புறம் மேட்டின் ஓரத்துக்குப் போய், ஆற்றைப் பார்த்துக்கொண்டு, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அக்கரை மரங்களில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. ஐயோ, கம்பத்துச் சனங்களுக்குக் கேட்குமே என்று அவர் வாயைப் பொத்தினேன். பொத்திய கையை எடுக்கத்தான் மனசில்லை.

அதற்குப் பிறகு சில சாயங்காலங்கள் போனோம். அதிகாரி வரும்வரை அதுதான் எங்கள் வீடு.

எங்களை வேலை வாங்கும் கங்காணிக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனுஷன், நல்லது செய்யாமல் இருக்கத் தெரியாதவர். புது இடத்துக்குக் குடி போகிறோம், காவலுக்குச் சாமி இல்லாமல் போகலாமா என்றார். யாருக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது. எங்கள் சனம் காட்டை வெட்டினாலும் முதலில் ஒரு கல்லை நட்டுச் சூடம் காட்டிவிட்டுத்தான் கத்தியைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் ஆற்றில் இறங்கி, முழங்கால் உயரக் கல் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். பெண்கள் நாங்கள் மஞ்சள் அரைத்துக் கொடுத்தோம். மேட்டு நடுவில் நின்ற மரத்தடியில் அதை முனியாண்டியாக நட்டு, எண்ணெய் ஊற்றி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, மேலே அத்தாப்பு ஓலையில் ஒரு கூரையும் போட்டார்கள். கோழி அறுத்தார்கள். என் அறை எனக்கே வர வேண்டும் என்று நானும் விழுந்து கும்பிட்டேன். அதிகாரி வந்து பார்த்தால், இந்த இடம் இவர்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார் என்று கங்காணி சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வந்த அதிகாரி தமிழ் தெரிந்த வெள்ளைக்காரர். புத்தகத்தில் இருப்பதுபோல் பேசினார். எங்கள் துரை இந்த மேட்டுக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை, காகிதத்தில் பார்த்ததோடு சரி. இரண்டு பேரும் கோடுகளைத் தாண்டித் தாண்டிப் பார்த்துக்கொண்டே மரத்தடிக்கு வந்தார்கள். அதிகாரி நின்றார். தொப்பியைக் கழற்றினார். ஒரு வாரம் எண்ணெயும் விளக்குப் புகையும் பட்டுக் கல் கன்னங்கரேலென்று இருந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரே பெருமை. பெண்கள் பின்னால் நின்றோம், நான் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன்.

"இந்தக் கோயில் எத்தனை காலமாக இங்கே இருக்கிறது?" என்று அதிகாரி கேட்டார்.

கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார், "ஆதியிலேருந்து இருக்குங்க தொரை. ரொம்பத் துடியான சாமி."

பின்னே என்ன சொல்வார்? போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றிலிருந்து தூக்கி வந்தோம் என்று தன் சாமியைப் பற்றி எவனாவது வெள்ளைக்காரனிடம் சொல்வானா? ஆண்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும்தான் ஆட்டினார். அவர் பொய் சொல்கிறவரில்லை. கல் பழசாக இல்லாவிட்டாலும் முனியாண்டி ஆதியிலேயே இருப்பவர்தானே.

அதிகாரி துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, பயப்பட வேண்டாம், உங்கள் கோயிலை யாரும் தொடமாட்டார்கள் என்றார். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். அவர் கார் ஏறும்போது கங்காணி மாலைகூடப் போட்டார்.

மறுநாள் பெரட்டில் கிராணி விஷயத்தைச் சொன்னார். மேட்டில் லயம் கிடையாது. வேறொரு தோட்டத்தில் ரோடு போடக் கோயிலைத் தள்ளி வைக்கப் போய், கூலிகள் எல்லோரும் வேலையை நிறுத்தி ரகளையாகிவிட்டதாம். பழைய கோயிலைச் சுற்றி இடம் விட்டே ஆக வேண்டும் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இடம் விட்டால் அந்தச் சின்னச் சமதரையில் அறைகள் அடங்காது. ரப்பர் காயப்போடும் புகைக் கொட்டாய்க்குப் பின்னால் பள்ளத்தில் பார்க்கலாம், ஆனால் இப்போதைக்கு இல்லை.

கங்காணியின் முகம் செத்துப்போயிற்று. வேலை முடிந்ததும் நான் நேரே அவரிடம் போனேன். என் வயசுக்கு அப்படிப் போகக் கூடாது, போனேன்.

"மாமா, நாமதானே கொண்டாந்து வெச்சோம். நாமளே கொஞ்சம் தள்ளி வெச்சா என்னா?"

அவர் கோபப்படவில்லை. "கோழி அறுத்துக் கும்புட்ட கல்லும்மா அது. நீ போயித் தூக்கறியா, சொல்லு" என்றார்.

நான் தூக்கவில்லை. யார்தான் தூக்குவார்கள்? ஆனால் மேட்டுக்குப் போனேன், தனியாகத்தான். சாமி முன்னால் நின்றுகொண்டு சத்தம் போட்டேன். உனக்கு மட்டும்தான் காற்று வேண்டுமா, எனக்கு வேண்டாமா, உனக்குத்தான் ஓலைக்கூரை போதுமே, கதவு எதற்கு, சுவர் எதற்கு, உன்னைக் கூப்பிட்டு வைத்தவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாயே என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அழுதேன். அவ்வளவு சத்தமாக நான் அழுததும் அங்கேதான். அன்றிலிருந்து கொஞ்ச காலம் அந்தச் சாமியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

மறுபடி ஒரு சாயங்காலம் மேட்டுக்குப் போகலாமா என்று அவரிடம் கேட்டேன், காதோடுதான். கோயில் இடம், அங்கே போய்ப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கலாமா என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அடுத்தடுத்து வந்த மழையில் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்துபோயின. கடைசி அறை எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தச் சாமியின் திருவிழா அன்று பொங்கல் வைக்கிற சாக்கில் போய் அந்த இடத்தில் அடுப்பு மூட்டுவேன். ஏன் எப்போதும் இந்த ஓரத்துக்கே வருகிறாய், காற்றில் தீ நிற்காதே என்பார் அக்கா.

பிறகு ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆட்களில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பி, காலியான லயங்களையும் பிரித்துப் போட்டார்கள். 'இப்போதைக்கு இல்லை' என்பது வருஷக்கணக்காக நீண்டது. சாக்குத் திரை கிழிந்து வேறு சாக்குத் தைத்தோம். எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவழ்ந்து வளர்ந்தாள். அவளைக்கூட நாங்கள் குசுகுசுவென்றுதான் கொஞ்சினோம்.

ஒருவழியாகப் புகைக் கொட்டாய்க்குப் பின்னால் புது லயம் வந்தது. பள்ளம்தான், காற்று கிடையாது, ரப்பர் புகை நாற்றம் வேறு. ஆனால் குடும்பத்துக்கு ஓர் அறை. எங்களுக்கு ஓரத்து அறை கிடைத்தது. பக்கத்து அறைக்கு இன்னும் ஆள் வரவில்லை. குடி போன அன்று சாயங்காலம் அக்கா எங்கள் மகளைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைக்கிறேன். அந்தக் காதுகளுக்கு எல்லாம் தெரியும்.

நான் கதவைச் சாத்தினேன். புதுப் பலகை, பாதி வந்து இறுகிக்கொண்டது, தோளால் முட்டித் தள்ளினேன். அவர் பாயில் உட்கார்ந்து சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது பேசட்டும் என்று நான் நின்றேன். கடைசியில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்.

"அன்னைக்கி மேட்டுல கூப்பிட்டீங்களே, அந்த மாதிரி ஒரு தடவ கூப்பிடுங்க."

அவர் சிரித்தார், சத்தமில்லாமல். தொண்டையைச் செருமிக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து, மெதுவாக என் பெயரைச் சொன்னார்.