கிள்ளான் நேரத்தில் விளக்கு

குளிரை அலுவலக ஏர்கோனில் மட்டுமே அறிந்தவள் நான். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஐரோப்பாவில் ஒரு வட்டாரத்தின் குளிர்காலத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்தைப் பார்த்த மாடியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே வீடுகளைச் சூடாக்கும் இயற்கை எரிவாயு பங்குனி வரை தாங்குமா என்று திட்டம் போடுவது என் பிழைப்பு.

கேட்பவர்களுக்கு நம் ஊர் தண்ணீர் வெட்டைச் சொல்லித்தான் விளக்குவேன். தண்ணீர் நிற்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தால், இருக்கிற வாளி டிரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கிறோம் இல்லையா? அவர்களும் வெயில் காலத்தில் பூமிக்கடியில் உள்ள கிடங்குகளில் வாயுவை நிரப்பி, குளிரில் எடுத்துச் செலவழிக்கிறார்கள். குழாய்களைப் பழுதுபார்ப்பதையும் குளிருக்கு முன்பே முடித்துவிட வேண்டும். எந்த வாரத்தில் எதைச் செய்வது என்று அடுக்கிக் கொடுக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

போன வருஷம் அந்த வட்டாரத்தின் கடைக்கோடியில், ஒரு மலையடிவார ஊருக்கு என் தங்கச்சி குடிபோனாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. ஊருக்கு வாயு போவது ஒரே குழாயில். அதுவரை என் திரையில் வெறும் புள்ளியாக இருந்த ஊர் அது. அவளுக்குப் பிரசவம் நெருங்கியபோது, அம்மா இல்லாத குறை தெரியக் கூடாது என்று அப்பாவே கிளம்பினார். பெட்டியில் பூண்டும் பிரசவ மருந்தும், கைப்பையில் அம்மாவின் காமாட்சி விளக்கும். அம்மா போனதிலிருந்து கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் அந்தியில் விளக்கேற்றுவது அப்பாதான். ஏற்றியதும் வாசல் கதவை விரியத் திறந்து வைப்பார். லட்சுமி வருவதற்காக என்பார். அம்மாவும் அந்நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாக அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. வாயால் சொன்னதில்லை, எங்களுக்குத் தெரியும்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. வீட்டைக் கதகதப்பாகவே வைத்திருக்கும்படி மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்துக் குளிர் முந்திக்கொண்டது. முன்பே முடிந்திருக்க வேண்டிய குழாய் வேலையோ, ஒரு உதிரிபாகம் வந்து சேராமல் இழுத்துக்கொண்டிருந்தது. வாயு குறைந்த அழுத்தத்தில்தான் போனது. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பி ஒரே சமயத்தில் ஹீட்டரைத் திருகினால் தாங்காது. அதனால் அந்நேரம் குறைத்து வையுங்கள் என்று ஊராருக்கு வேண்டுகோள் போனது. எந்த நேரம் என்று குறித்துக் கொடுத்தவளே நான்தான். குறித்துவிட்டுத் திரையில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தங்கச்சி கூப்பிட்டாள். அங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது. இருட்டியதும் அப்பா விளக்கேற்றி, கதவைத் திறந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். குழந்தை உள்ளறையில் இருப்பதால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார். ஹீட்டர் குறைந்திருக்கும் நேரத்தில் நுழைந்த குளிர், படுக்கப் போகும்வரை வீட்டைவிட்டுப் போவதில்லை. பிள்ளைக்குக் கைகால் சில்லிட்டுப் போகிறது.

"நான் சொன்னா அவருக்கு மனசு ஒடஞ்சிரும்க்கா. நீயே சொல்லிரு லா," என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் இங்கே என்ஜினியர்களோடு மல்லுக்கட்டி அந்த ஊருக்கு வாயு சேர்க்கிறேன், என்னைப் பெற்றவர் அதைக் கதவைத் திறந்து தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டுக் கதவெல்லாம் என் திரையில் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் அவரிடம் என்னவென்று சொல்வது? அம்மா வரும் நேரத்தில் கதவைச் சாத்துங்கள் என்றா?

மறுநாள் வேலை முடிந்தும் கிளம்பாமல், அலுவலகத்திலிருந்தே அவரை அழைத்தேன். அம்மா பேச்சை எடுக்காமல் என் வேலையைப் பற்றியே பேசினேன். சாயங்காலம் குழாய் திணறுவதைச் சொன்னேன். நடுப்பகலில் தேவை குறைவு, கொஞ்சம் வெயிலும் இருக்கும் என்றேன். கடைசியாகப் பிள்ளையின் கை சில்லிடுவதையும் சொல்லிவிட்டேன். அவர், கிள்ளானில் இப்போது மணி என்ன என்று கேட்டார். ஏழாகிறது, இருட்டுகிறது என்றேன்.

"இங்க மத்தியானம். இனிமே இந்த நேரத்துக்கே ஏத்திர்றேன். ஒங்கம்மாவுக்குக் கிள்ளான் நேரந்தான் தெரியும்."

நல்லதுப்பா என்றேன்.

"நம்ம வீட்டுக் கதவு தெறந்திருக்கா?" என்று கேட்டார்.

அப்பா கிளம்பிய நாளிலிருந்து அந்த வீட்டில் நான் ஒருத்திதான். நான் வேலை முடிந்து வரும்வரை, அந்தியில் அது பூட்டியே கிடந்தது. அம்மா முதலில் வருவது அங்கேதானே.

குழாய் வேலை முடிந்து வாயு தாராளமாக வந்த பிறகும் அப்பா நேரத்தை மாற்றவில்லை. நானும் அடித்துப் பிடித்து முந்தின கொமுட்டர் ரயிலில் ஏறிவிடுகிறேன். ஏழு மணிக்குக் கிள்ளானில் விளக்கேற்றி, கதவைத் திறந்து, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன்.