வியாழக்கிழமை கரண்ட் கட்டும் ஏசி காற்றாடியும்

நாங்கள் குடியிருக்கும் நிக்டியில் வியாழக்கிழமைதோறும் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். எங்கள் ஏசியின் உள் காற்றாடி சில நாளாகவே சுற்ற மறுத்து முனகிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத நேரமே பத்திரம் என்று ஒரு வியாழக்கிழமை மூடியைக் கழற்றி விரலால் உருட்டினேன். கருமேகத் துணுக்குகளாய்த் தூசி உதிர்ந்தது. காற்றாடி மெல்ல அசைந்தது.

"சுவிட்ச ஆஃப் பண்ணீங்களா?" என்றாள் மனைவி வசந்தி.

"கரண்டே இல்லையே வசந்தி."

"கரண்ட் உங்ககிட்ட சொல்லிட்டா வரும்?" என்றபடி அவளே போய் அணைத்தாள்.

அவள் திரும்புவதற்குள் கூடத்து விளக்குகள் எரிந்தன. கரண்ட் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும் ஏசி அது. என் விரல்கள் இன்னும் காற்றாடிக்குள் இருந்தன; அவள் சுவிட்சை அணைத்திருந்ததால் அது சுற்றவில்லை. வசந்தி அலட்டிக்கொள்ளாமல், "பாத்து எடுங்க" என்றாள். அந்த நிதானத்தை இன்னும் வியக்கிறேன்.

இப்போது, கரண்ட் இல்லாவிட்டாலும் சுவிட்சை அணைத்து, அவளிடம் சொல்லிவிட்டே மூடியைத் தொடுகிறேன்.